எத்தனை காரட்?

கல்யாணப் பேச்சில் "தோடு எத்தனை காரட்?" என்று கேட்கிற சம்பந்திகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தங்கத்தில் காரட் என்பது மாற்று. வைரத்தில் அது வெறும் எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். கேட்கிறவருக்கு இது தெரியாது. பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கப் போகும் பெண்ணின் தகப்பனாருக்கும் தெரியாது.

ஏழு கல் தோடு ஜோடிக்கு 14 கல். எல்லாம் சேர்ந்து ஒரு காரட் என்றால் கல்லுக்குச் சராசரி 7 சென்ட். ஒற்றைக் கல்லே ஒரு காரட் என்றால், தரம் ஒன்றாயினும் விலை பல மடங்கு. பெரிய கல் அபூர்வம். இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லிப் பேரம் பேசுவது எந்த ஊர் நியாயம்?

எடை இரட்டித்தால் தோற்றமும் இரட்டிக்கும் என்பது இன்னொரு மயக்கம். ஒழுங்காகப் பட்டை தீட்டிய ஒரு காரட் வட்டக் கல் 6.5 மில்லிமீட்டர் அகலம். இரண்டு காரட் 8 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அடிப்பாகத்தை ஆழமாக விட்டு எடையைத் தேற்றிய கல்லோ, அந்த அகலமும் காட்டாது, ஒளியும் குன்றும். தராசு மட்டும் திருப்தியடையும்! 95 சென்ட் கல்லையும் முழுக் காரட்டையும் காதில் பார்த்து எந்தச் சம்பந்தியம்மாளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. விலையில் மட்டும் ஒரு தாவல் இருக்கிறது.

பெண்ணைப் பெற்றவரே, "கல்லுக்கு எத்தனை சென்ட் வேண்டும், சொல்லுங்கள்" என்று அவர்களையே திருப்பிக் கேளும்.