பயத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும்

பாபநாசம் மலையின் காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து ஒரு கர்ப்பிணி இறங்கி வந்தால் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் அட்டையில் ஏறிவிடும். "பயமா இருக்காம்மா?" என்ற கேள்விக்கான பதிலை எழுத அதில் ஒரு கட்டம் வேண்டாமா?

தமிழகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான், பெரிய சாதனை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8. செவிலியர் துணையோடு இயல்பாகப் பிரசவிக்க வழிசெய்யும் பேறுகாலச் செவிலியர் சேவைக்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2018-லேயே வெளியிட்டது. ஆனால் செவிலியரை நம்பிப் பெற்றெடுக்கும் துணிச்சல் வலி எடுத்த இரவில் வந்துவிடாது. சமுதாய வளைகாப்பில் கை நிறைய வளையலோடு அவள் உட்கார்ந்திருக்கும்போதே கிராம சுகாதாரச் செவிலியர் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும்: துணைக்கு யார், வண்டி எது, எதை நினைத்துத் தூக்கம் வரவில்லை? பதிலை ஹீமோகுளோபினுக்குப் பக்கத்திலேயே எழுதட்டும். நெல்லை மாவட்ட நிர்வாகம் இதைக் காணிக் குடியிருப்புகளிலிருந்தே தொடங்க வேண்டும்.