பிள்ளையாரை மறந்த தேர்

அச்சரப்பாக்கத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் புறப்பட்டார். பூமியே தேர், சூரிய சந்திரர்களே சக்கரங்கள், வேதங்களே குதிரைகள். இத்தனை ஏற்பாடும் செய்த தேவர்கள் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டார்கள். புறப்படுமுன் பிள்ளையாரைக் கும்பிடவில்லை. பார்த்தார் பிள்ளையார். தேரின் அச்சு முறிந்தது. அச்சு இற்று விழுந்த இடம் ‘அச்சு இறு பாக்கம்’ ஆயிற்று என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் வரலாறு. ஞானசம்பந்தர் பாடிய ஆட்சீசுவரர் கோயில் அங்கேதான் இருக்கிறது.

சென்ற மாதம் அதே ஊரில் இன்னொரு தேருக்கு அச்சு முறிந்தது. அதில் சூரிய சந்திரர்கள் இல்லை. பன்னிரண்டு தங்க மீன்கள் இருந்தன.

என் அக்கா வாழ்க்கைப்பட்டிருப்பது அச்சரப்பாக்கத்தில். அவள் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கூடத்தில் நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்து, கொளத்தூர்க் கடைத்தெருவில் மீன் வாங்கி வந்து விட்டிருக்கிறான். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தானே! பையன் அதோடு நிற்கவில்லை. தண்ணீரைத் தானே கவனித்துக்கொள்ளும் பெட்டி ஒன்றையும் சொந்தமாகச் செய்தான். தொட்டிக்குள் பேனா மாதிரி ஒரு கண்ணாடிக் கோல். அது தண்ணீரின் ‘பி.எச்.’ என்னவென்று பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும். எண் 7-க்குக் கீழே இறங்கினால், சின்ன பம்பு ஒன்று ஆப்பசோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும். 7.2 வந்ததும் நிறுத்திவிடும். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் மீன் தொட்டியைக் காட்டுவாள்.

அன்று காலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

“ஏன்டி, அஞ்சு மீன் செத்து மிதக்குதுடி. மீதி எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்குது. இவன் பெட்டியைப் பார்த்துட்டு, ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு, 7.2 காட்டுது’ன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறான். சின்னவ அழுது அழுது முகமே வீங்கிப் போச்சு!”

அன்று எனக்கு வார விடுமுறை. பஸ் ஏறிவிட்டேன்.

பி.எச். என்றால் என்ன? ஒரு திரவம் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று சொல்லும் எண். இங்கே காரம் என்பது மிளகாய்க் காரமல்ல. சோப்பு, சோடா இவற்றின் குணம். எலுமிச்சைச் சாறு 2, 2.5. தயிர் 4, 4.5. சுத்தமான தண்ணீர் 7. சலவைச் சோடா கரைத்த தண்ணீர் 11-ஐத் தொடும். 1909-இல் டென்மார்க்கில் ஒரு பீர்த் தொழிற்சாலையின் ஆராய்ச்சிச் சாலையில் சோரன்சன் என்ற ரசாயன அறிஞர் வகுத்த கணக்கு இது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 7-லிருந்து 8 என்பது ஒரு படி ஏற்றமல்ல. பத்து மடங்கு மாறுதல். ஆகையால் ‘அரைப் புள்ளி முக்கால் புள்ளிதானே’ என்று அலட்சியமாக இருக்க முடியாது.

மீனுக்கும் இந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பி.எச். 7-இல், 25 டிகிரி உஷ்ணத்தில், அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷமாக இராது. 8-இல் ஏறக்குறைய ஐந்து பங்கு விஷம். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தண்ணீர் பார்வைக்கு அதே தண்ணீர்தான். தொட்டியிலிருக்கும் அழுக்கும் அதே அழுக்குதான். எண் ஏறினால் உள்ளே இருக்கும் பிராணி மூச்சுத் திணறிப் போகிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது, மருமகன் மீன் கடையில் விற்கும் சொட்டு மருந்துச் சோதனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டித் தண்ணீரில் மருந்தை விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

“சித்தி, நிறம் 8 காட்டுது. பெட்டி 7.2 காட்டுது. எது பொய்?”

“கோலை எப்போதப்பா சரி பார்த்தாய்?”

“வாங்கினப்போ ஒரு தடவை பார்த்தேன், சித்தி. எட்டு மாசம் இருக்கும்.”

இங்கேதான் பிள்ளையாரை மறந்தது.

சகோதரிகளே, நாம் காய்கறி வாங்கும்போது தராசையும் எடைக்கல்லையும் பார்க்கிறோம். சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று கேட்கிறோம். முத்திரையும் ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் என்றில்லை. குறித்த காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கல் தேயும், தராசு இழுக்கும் என்பதால்தான். இந்தக் கண்ணாடிக் கோலும் ஒரு தராசு. அதன் நுனியிலிருக்கும் மெல்லிய கண்ணாடி, தண்ணீரின் குணத்துக்கேற்ப மிக நுட்பமான மின்சாரத்தை உண்டாக்குகிறது. 7-இல் சைபர். அங்கிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 59 மில்லி வோல்ட். டார்ச்சுக்குப் போடும் ஒரு பாட்டரியின் சக்தியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1934-இல் அமெரிக்காவில் பெக்மன் என்பவர் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளந்து தரச் செய்த கருவிதான் இந்த ஜாதி மீட்டர்களுக்கெல்லாம் பாட்டன். இவ்வளவு நுட்பமான கண்ணாடி நாள்பட்டால் அழுக்குப் படியும், சோர்ந்து போகும். அது பொய் சொல்ல நினைக்கவில்லை, அதற்கு வயதாகிவிட்டது.

ஆகவே முத்திரைக் கல் வேண்டும். அதற்குப் பெயர் ‘பஃபர்’ கரைசல். ரசாயனச் சாமான் கடைகளில் 4, 7, 9.2 என்று மாத்திரையாகவோ பொடியாகவோ கிடைக்கும். மேலே எழுதியிருக்கும் அளவு டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால், அது சொல்லும் எண் நிச்சயம்.

மருமகன் 7 கரைசலை ஒரு டம்ளரில் ஊற்றி, கோலைக் கழுவி அதில் நிறுத்தினான். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். 7 காட்ட வேண்டிய பெட்டி 6.6 காட்டியது.

“0.4 குறைச்சு சொல்லுது. ஆனா வித்தியாசம் மொத்தம் 0.8 ஆச்சே! மீதி 0.4 எங்கே போச்சு, சித்தி?”

நியாயமான கேள்வி. பையன் கோலை மறுபடி தொட்டியில் போட்டு, தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பை அணைத்தான். எண் சட்டென்று 0.4 மேலே ஏறியது. பம்பைப் போட்டான், இறங்கியது. அணைத்தான்; ஏறியது. இதைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறிவிட்டது. “எல்லா சுவிட்சையும் நிறுத்து! யாரும் தண்ணியில கை வைக்காதீங்க!” என்று அதட்டிவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார்.

எலக்ட்ரீஷியன் வந்து சோதித்துப் பார்த்தார். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்பின் வயரில் உறை வெடித்திருந்தது. 230 வோல்ட் மின்சாரம் தண்ணீரில் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. பையன் பெட்டிக்கு மின்சாரம் எடுத்தது மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து. கம்ப்யூட்டருக்கோ எர்த்துக் கம்பி உண்டு. ஆகவே கசிந்த மின்சாரம் கண்ணாடிக் கோல் வழியாகப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டர் வழியாகப் பூமிக்குப் போக ஒரு பாதை கிடைத்துவிட்டது. மில்லி வோல்ட் கணக்கில் பேசும் கோலின் காதருகே யாரோ தமுக்கு அடித்தது போல ஆயிற்று. அது உளறிவிட்டது.

கணக்கு இப்போது தெளிவாயிற்று. கோலின் பொய் 0.4, கசிவு சொல்ல வைத்த பொய் 0.4. உண்மை 8 ஆக இருக்கும்போது பெட்டி 7.2 என்றது. உண்மையில் 7.4, 7.5 இருந்த நல்ல தண்ணீரை, ‘ஐயோ, புளித்துப்போகிறதே’ என்று தப்பாக எண்ணி, ராத்திரி முழுவதும் சோடாவை ஊற்றியிருக்கிறது. போதாக்குறைக்குச் சின்னவள் பாசத்தால் இரண்டு நாளாக ஒரு பிடி தீனி அதிகம் போட்டிருக்கிறாள். அம்மோனியாவுக்குக் கேட்கவா வேண்டும்!

அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. சின்னவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு வயது. தினமும் ஸ்டூல் போட்டு ஏறி, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு மீனுக்குத் தீனி போடுகிறவள் அவள்தான். கம்பியில் உட்கார்ந்த காக்கையைப் போல, அவள் உலர்ந்த மர ஸ்டூலில் நின்றதால் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் ஈரத் தரையில் நின்றிருந்தால்? அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மீதி ஏழு மீன்கள் பிழைத்தன. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நன்றாகக் காற்று விட்டோம். இரண்டு நாள் தீனியை நிறுத்தினோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விஞ்ஞானி இருக்கலாம். அவனைத் திட்டாதீர்கள், அவன் பெட்டியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அச்சரப்பாக்கத்தில் நாங்கள் செய்த திருத்தங்களைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோலை மாதம் ஒரு முறை சரி பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள், நுனியைத் தேய்க்காதீர்கள். முதலில் 7 கரைசல். எண் அசையாமல் நிற்கும்வரை ஓரிரு நிமிஷம் பொறுங்கள். ‘இதுதான் 7’ என்று பெட்டிக்குச் சொல்லுங்கள். மறுபடி அலசி, இரண்டாவது கரைசல். தொட்டித் தண்ணீர் 7-க்கு மேலே இருந்தால் 9.2, கீழே இருந்தால் 4. ஒரு கல்லை மட்டும் வைத்துத் தராசைச் சோதிக்க முடியாதல்லவா? பயன்படுத்திய கரைசலைத் திரும்பப் புட்டியில் ஊற்றக் கூடாது. கோலை எடுத்து வைக்கும்போது உலர விடாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரிலும் ஊற வைக்காதீர்கள். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் புதுக் கோல் வாங்கத்தான் வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி மூன்று விஷயம். தொட்டிக்குப் போகும் லைனுக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்தே போடுங்கள். பெட்டிக்கு ஒரு அடாப்டர், பம்புக்கு வேறு அடாப்டர். கோலுக்கும் பெட்டிக்கும் நடுவே மின்சாரப் பாதையைத் துண்டிக்கும் ‘ஐசொலேட்டர்’ ஒன்று. வயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் தரையில் சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் எல்லாவற்றையும் அணைத்துவிடுவது எப்போதும் நல்லது.

கடைசியாக ஒன்று. அச்சரப்பாக்கம் போகும் வழியில் மதுராந்தகம் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு பெரிய ஏரியானாலும் கலங்கல் வைத்துத்தான் கரை கட்டுவார்கள். பெட்டிக்கும் ஒரு கலங்கல் வேண்டும். ‘கோல் என்ன சொன்னாலும் சரி, ஒரு நாளில் இவ்வளவு சோடாவுக்கு மேல் ஊற்றாதே, மணியடித்து மனிதரைக் கூப்பிடு’ என்று மருமகன் இப்போது அதற்குக் கட்டளை எழுதியிருக்கிறான். கரண்டு போய் வந்தால் பத்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

மாமல்லபுரத்துக்குப் போகும் வழியிலுள்ள முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அந்தக் கடற்கரையோரம் இறால் வளர்க்கிறவர்களும் உண்டு. குளத்தில் பி.எச். 7.5-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும் என்பது இறால் வளர்ப்பில் பால பாடம். காலையில் குறைந்தும் பிற்பகலில் கூடியும் நிற்கும் என்பதால், இரண்டு வேளையும் பார்க்கச் சொல்வார்கள். லட்ச ரூபாய் முதல் போட்டவர்கள் மீட்டரையும் நம்புகிறார்கள். கூடவே கரையில் நின்று இறாலையும் பார்க்கிறார்கள். நம் வீட்டுத் தொட்டிக்கும் அதே நியாயம்தான். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், பெட்டி என்ன சொன்னாலும் மீன் சொல்வதே உண்மை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போயிருந்தேன். பெட்டியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மேலே பிள்ளையார் சுழி. கீழே, கோலைச் சரி பார்த்த தேதி. அதற்கும் கீழே, கோணல் மாணலாக இன்னொரு கையெழுத்து: ‘கை விடும் முன் சுவிட்சை அணை.’

“நான்தான் எழுதினேன், சித்தி!” என்றாள் சின்னவள்.