அடுக்களைக் கலை: ஆட்டிறைச்சி லிங்கூஸ்

உப்பும் வெயிலும் உணவைக் காக்கும் என்பது களுவாஞ்சிக்குடிப் பெண்மணிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டிய செய்தியன்று. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அமைந்த இவ் எழுவான்கரை ஊரிலே கருவாடு போடுதல் வழிவழி வந்த கைப்பழக்கம். ஆயினும், அப்பழக்கமே நம்மை ஏமாற்றிவிடக்கூடிய பண்டம் ஒன்றுண்டு. இறைச்சியைக் கொத்திக் குடலில் அடைத்துச் செய்யும் சொசேஜே அது.

இப்பண்டம் நம் நாட்டுக்குப் புதியதன்று. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறிய பின்னரும் போர்த்துக்கேயரின் மொழியும் சமையலும் பறங்கியர் இல்லங்களில் நிலைத்தன. அவர்கள் செய்யும் காரமான சொசேஜுக்கு 'லிங்கூஸ்' என்று பெயர். 'லிங்குயிசா' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. பன்றியிறைச்சியிலோ மாட்டிறைச்சியிலோ அதனைச் செய்வதே வழக்கம். வட ஆபிரிக்க மக்கள் செம்மறியாட்டு இறைச்சியிற் செய்யும் 'மெர்கேஸ்' இதற்கு உறவானது. நாமும் ஆட்டிறைச்சியைக் கொண்டால், முறைப்படி அறுத்த ஆடாயின், தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம் அன்றோ?

தேவையானவை: எலும்பு நீக்கிய ஆட்டிறைச்சி 750 கிராம், ஆட்டுக் கொழுப்பு 250 கிராம், தூள் உப்பு 18 கிராம் (மட்டமாக 3 தேக்கரண்டி), வறுத்திடித்த கொத்தமல்லி 2 மேசைக்கரண்டி, மிளகுதூள், செத்தல் மிளகாய்த்தூள், பெருஞ்சீரகத்தூள் வகைக்கு 2 தேக்கரண்டி, கராம்பு 6, கறுவா ஒரு துண்டு, சாதிக்காய் சிறிது, உள்ளி 8 பல்லு, வினாகிரி 2 மேசைக்கரண்டி.

கராம்பு, கறுவா, சாதிக்காய் ஆகியவற்றைப் பொடித்து, உள்ளியை அரைத்துக்கொள்க. இறைச்சியும் கொழுப்பும் நன்கு குளிர்ந்திருக்கும்போதே கொத்துதல் வேண்டும். சூடேறினால் கொழுப்பு உருகிப் பிரிந்துவிடும். பின்னர் உப்பும் சரக்கும் வினாகிரியும் சேர்த்துக் கையில் ஒட்டும் பதம் வரும்வரை பிசைக. உப்பு இறைச்சியின் புரதத்தை வெளிக்கொணர்வதாலேயே இவ் ஒட்டுந்தன்மை உண்டாகிறது. அதுவே சொசேஜ் உதிராமற் காப்பது.

ஆட்டுக்குடலைப் புறந்திருப்பி, உப்பும் தேசிக்காய்ச் சாறும் இட்டுப் பலமுறை கழுவிச் சுரண்டியெடுத்து, புனல் கொண்டு இறைச்சியை அடைக்க. இறுக்கி அடைத்தால் வேகும்போது வெடிக்கும். குடல் கிடைக்காவிடின் வாட்டிய வாழையிலையிற் சுருட்டி அவித்தாலும் குறையில்லை. நீர் தளதளவெனக் கொதிக்காமல், மெல்லிய சூட்டில் உட்புறமும் நன்றாக வேகும்வரை வைத்து, பின் தாச்சியில் எண்ணெய் விட்டுச் சிவக்கப் பொரிக்க. வெப்பமானி உடையோர், நடுப்பகுதி 71 பாகை செல்சியசை எட்டியதா என்று பார்த்துக்கொள்க.

இனி, முதலிற் சொன்ன எச்சரிக்கைக்கு வருவோம். கீறி உப்பிட்ட மீனில் உப்பும் வெயிலும் இலகுவிற் சென்று சேரும். கொத்திய இறைச்சியிலோ, மேற்பரப்பிலிருந்த கிருமிகள் உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. குடலுக்குள் காற்றும் புகாது. காற்றில்லா இடத்தில் வளரும் நுண்ணுயிரொன்று அங்கே கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் நாட்டில் புகையூட்டிய சொசேஜ் உண்டோர் பலர் மாண்டதை ஆராய்ந்து, யுஸ்டீனுஸ் கெர்னர் என்னும் மருத்துவர் 1820இலும் 1822இலும் நூல்கள் வெளியிட்டார். இந்நோய்க்கு இன்று வழங்கும் 'பொட்டுலிசம்' என்னும் பெயரும் சொசேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. அந்நஞ்சை மணத்தாலோ சுவையாலோ கண்டறிய இயலாது.

ஆகவே, அடைத்த லிங்கூஸை அடுப்புக்கு மேலேயோ முற்றத்துக் கொடியிலோ தொங்கவிடலாகாது. தொழிற்சாலையார் அளந்து சேர்க்கும் நைத்திரைற்று உப்பை வீட்டிற் கண்மதிப்பாகச் சேர்ப்பதும் ஆபத்தே. அன்றே சமைப்பது நன்று. அன்றேல் 5 பாகைக்குக் கீழ்க் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே சமைத்துவிடுக. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறக்கவில்லை. மின்சாரம் நின்று நான்கு மணி நேரம் கடந்துவிட்டால், பெட்டியிலுள்ள பச்சை இறைச்சியை எறிந்துவிடத் தயங்கற்க. ஒரு கிலோ ஆட்டிறைச்சியின் விலை பெரிதுதான். எனினும் அதனை உண்ணப்போகும் நம் பிள்ளைகளின் நலத்தினும் அது பெரிதன்று.