பிரேக்கை எடுத்ததும் கரைந்த கட்டி!

கிருமி நுழைந்தால் விரட்டியடிக்கும் வெள்ளை அணுக்கள், புற்றுநோய்க் கட்டி வளரும்போது மட்டும் ஏன் சும்மா இருக்கின்றன? மருத்துவ உலகை நெடுங்காலம் குடைந்த கேள்வி இது. பதிலில் ஒரு பகுதி, அமெரிக்காவின் பெர்க்லியில் சில சுண்டெலிகளிடம் கிடைத்தது.

அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்தவர் ஜேம்ஸ் அலிசன். சிறுவயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் ஆராய்ந்தது 'டி செல்' என்ற வெள்ளை அணுக்களை. உடலின் போர்வீரர்கள் இவை. எதிரி செல்லைக் கண்டதும் அதோடு ஒட்டிக்கொள்ளும். பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் மேலுறையில் துளை போடும். அந்த வழியே கிரான்சைம் என்ற நொதி உள்ளே போகும். அவ்வளவுதான், அந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இப்படி ஒரு படை கட்டுப்பாடில்லாமல் போனால் சொந்த உடலையே தாக்கிவிடும். அதனால் டி செல்லுக்கு இயற்கை ஒரு பிரேக் வைத்திருக்கிறது. அதுதான் 'சி.டி.எல்.ஏ-4' என்ற புரதம். 1994 இறுதியில் அலிசன் குழுவினர், கட்டி இருந்த எலிகளுக்கு இந்தப் புரதத்தை முடக்கும் ஆன்டிபாடியைச் செலுத்தினார்கள். கட்டிகள் கரைந்து மறைந்தன. மருந்து பெறாத எலிகளிலோ வளர்ந்துகொண்டே போயின.

நம்ப முடியாமல், கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே சோதனையை மறுபடி செய்தார்கள். அதே முடிவு. குணமான எலிகளுக்கு மீண்டும் புற்று செல்களைச் செலுத்தியபோதும் உடல் ஏற்கவில்லை. பழைய எதிரியைப் படை மறக்கவில்லை! 1996-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வெளியானது.

எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்குமா? மருந்து நிறுவனங்கள் தயங்கின. 2011-ல்தான் 'இபிலிமுமாப்' என்ற மருந்து, முற்றிய மெலனோமா தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்னொரு பிரேக்கைக் கண்டுபிடித்த ஜப்பானின் டசுக்கு ஹோன்ஜோவுடன் அலிசனுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனாலும் எல்லாப் புற்றுநோய்க்கும், எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. பிரேக் இல்லாத படை சிலருக்குக் குடல், தோல், கல்லீரல், தைராய்டு என்று சொந்த உறுப்புகளையும் பதம் பார்க்கும். இந்த வகை சிகிச்சையில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால், கைவைத்தியம் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' பொடிகளையும் அவரைக் கேட்காமல் தொடக் கூடாது.