காக்கிக்கு ஒரு சட்டம், கைலிக்கு ஒரு சட்டமா?



காரைக்குடியில் துணி மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு திருப்பத்தூர் பக்கம் வியாபாரத்துக்குப் போகிறவரா நீங்கள்? மானகிரி மருத்துவமனைக்கு அத்தாவைப் பின்னால் உட்கார வைத்து அழைத்துச் செல்லும் இளைஞரா? அப்படியானால் அந்த மதுரைச் சாலை உங்களுக்குப் புதிதல்ல. எங்கே மரநிழலில் சோதனைக்கு நிற்பார்கள், எந்த வளைவைத் தாண்டினால் கை நீளும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். தலைக்கவசம் இல்லையா? ஆயிரம் ரூபாய். இன்சூரன்ஸ் முடிந்துவிட்டதா? இரண்டாயிரம். லைசென்ஸ் இல்லையா? ஐயாயிரம். 2022 அக்டோபரில் தமிழக அரசு உயர்த்திய தொகைகள் இவை. ஒரு நாள் வியாபாரத்தின் லாபம் அங்கேயே போய்விடும்.

பணம் போகட்டும். நீங்கள் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கொண்டிருக்கும்போதே, வெறுந்தலையோடு ஒரு காக்கிச் சட்டை அதே இடத்தைக் கடந்து போகிறதே, அதுதான் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. கையை நீட்டி உங்களை மறித்தவர், அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டி அனுப்புகிறார். இது உங்கள் கற்பனையா? தமிழகத்தில் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்தக் காட்சியைச் சொல்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, டர்பன் அணிந்த சீக்கியருக்குத்தான் பெயர் சொல்லி விலக்குத் தருகிறது. நம் தலையில் இருக்கும் தொப்பிக்கும் விலக்கு இல்லை, அவர்கள் தலையில் இருக்கும் தொப்பிக்கும் இல்லை! அவசர அழைப்புக்குச் சைரன் ஒலித்துச் செல்லும் காவல் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். அது நியாயம், அதில் நமக்குப் பேச்சில்லை. ஆனால் டீ குடிக்கப் போகும் வண்டி அவசர வாகனம் ஆகாது.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. நம்மில் பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 210பி என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவர் தாமே இதை மீறினால், மற்றவருக்குரிய தண்டத்தைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆம், இரு மடங்கு! உங்களுக்கு ஆயிரம் என்றால் அவருக்கு இரண்டாயிரம். 2019 செப்டம்பரில் டெல்லி போக்குவரத்துக் காவல்துறை இதைச் சுட்டிக்காட்டித் தன் காவலர்களுக்கே சுற்றறிக்கை அனுப்பியது. சட்டம் காவலருக்குச் சலுகை தரவில்லை, கூடுதல் சுமையைத்தான் ஏற்றி வைத்திருக்கிறது. சலுகையைத் தருவது சாலையில் நிற்கும் சக காவலரின் தலையாட்டல்!

2024 மே மாதம் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? நாகர்கோவிலில் இருந்து வந்த அரசுப் பேருந்தில் நாங்குநேரியில் ஒரு காவலர் சீருடையோடு ஏறினார். டிக்கெட் எடுக்கச் சொன்னார் நடத்துநர். காவலர் மறுத்தார், வாக்குவாதம் முற்றியது. யாரோ கைப்பேசியில் படம் பிடிக்க, நாடே பார்த்தது. வாரண்ட் இருந்தால்தான் காவலருக்கு இலவசப் பயணம், இல்லையென்றால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்று போக்குவரத்துத் துறை அறிவித்தது.

அந்தக் காவலர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காவலர் முதல் ஆய்வாளர் வரை தத்தம் மாவட்டத்துக்குள் அடையாள அட்டையைக் காட்டி அரசுப் பேருந்தில் போகலாம் என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அறிவிப்பு வேறு, நடைமுறை ஆணை வேறு என்பதை வெயிலில் பணி முடித்து வரும் கடைநிலைக் காவலரிடம் யார் விளக்கினார்கள்? அவர் மீது எனக்குக் கோபம் குறைவு.

கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததன் மீதுதான். மறுநாள்களில் மாநிலத்தின் பல இடங்களில் அரசுப் பேருந்துகளைப் போக்குவரத்துப் போலீசார் மடக்கினார்கள். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாய், சீட் பெல்ட் போடவில்லை, சீருடை சரியில்லை என்று ஓட்டுநர்கள் மீது வரிசையாக அபராதம்! கேட்கிறேன் சகோதரர்களே, அந்தப் பேருந்துகள் அதற்கு முந்தைய வாரம் எங்கே நின்றன? அதே இடத்தில்தானே நின்றன! அது குற்றம் என்றால் அதுவரை ஏன் அபராதம் இல்லை? குற்றமில்லை என்றால் அன்று மட்டும் ஏன் அபராதம்? சக காவலருக்கு டிக்கெட் கேட்டதற்குப் பழிவாங்கச் சட்டப் புத்தகத்தையே தடியாக எடுத்துக் கொண்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் உண்டா?

கடைசியில் என்ன ஆயிற்று? உள்துறைச் செயலாளரும் போக்குவரத்துத் துறைச் செயலாளரும் பேசினார்கள். காவலரும் நடத்துநரும் கட்டித் தழுவிக்கொண்ட காட்சி வெளியானது. எல்லாம் சுபம்!

நடத்துநருக்குப் பின்னால் ஒரு துறை நின்றது, தொழிற்சங்கங்கள் நின்றன. உங்களை அப்படி ஒருவர் மடக்கினால், உங்களுக்காக எந்தச் செயலாளர் தொலைபேசியை எடுப்பார்? எக்ஸெல் வண்டியில் மூட்டை ஏற்றி வரும் வியாபாரிக்கு யார் சமரசம் பேசுவார்கள்? நடத்துநருக்கே மூன்று நாள் இந்தப் பாடு என்றால் நம் பாடு என்ன?

2018 மார்ச் 7 அன்று திருச்சி–தஞ்சாவூர் சாலையில், தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியைப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் விரட்டிச் சென்றார். வண்டியை எட்டி உதைத்தார் என்பது புகார். பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்தார். மக்கள் சாலையில் திரண்டார்கள், அந்த ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். ஒரு தலைக்கவசத்துக்காக ஓர் உயிர்!

நம் சமுதாய இளைஞர்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சொல்லக் கசக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் அது நாம் செய்யும் துரோகம். 1997 நவம்பர் 29 அன்று கோவை உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். இருசக்கர வாகனத்தைப் போலீசார் நிறுத்தியதில் எழுந்த தகராறுதான் அதற்கு முன்னோடி. அந்தக் கொலை மன்னிக்க முடியாத பாதகம். அடுத்த நாள்களில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். நம் வியாபாரிகளின் கடைகள் சூறையாடப்பட்டு எரிந்தன. 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அந்தப் பாவத்தின் நிழல் குற்றமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மீதும் ஆண்டுக்கணக்கில் விழுந்து கிடந்தது. சாலையோரச் சண்டை ஒன்று எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆகவே காவலர் உங்கள் பெயரைக் கேட்டதும் குரலை மாற்றினாலும் சரி, தாடியைப் பார்த்து ஏளனம் பேசினாலும் சரி, கையை மட்டும் ஓங்காதீர்கள். நேரத்தையும் இடத்தையும் அவர் பெயரையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

நம் கைகள் சுத்தமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024 மே 2 முதல் சென்னையில் வாகன எண் தகட்டில் ‘போலீஸ்’, ‘பிரஸ்’, ‘வழக்கறிஞர்’ என்று ஒட்டிக்கொண்டு வருவோருக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். அதைக் கேட்டு நாம் கை தட்டினோம். நம் தம்பிமார்கள் இயக்கக் கொடியை வண்டியில் கட்டிக்கொண்டு மூன்று பேராகப் போவது எந்தக் கணக்கில் சேரும்? மடக்கியதும் மாவட்ட நிர்வாகிக்குப் போன் போட்டு, ‘நம்ம பையன்தான் சார், விட்ருங்க’ என்று சொல்லச் சொல்வது எந்தக் கணக்கு? காவலருக்குச் சலுகை கூடாது என்று மேடையில் பேசுகிறவருக்கே அந்தப் போன்கள் வருகின்றன. எனக்கும் வந்திருக்கின்றன.

பனூ மக்ஸூம் குலத்து உயர்குடிப் பெண் ஒருத்தி திருடிய வழக்கு உங்களுக்குத் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவளுக்காகப் பரிந்து பேச நபி (ஸல்) அவர்களின் பாசத்துக்குரிய உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள் குறைஷிகள். அன்றைய சிபாரிசுப் போன் அது! அண்ணலாரின் முகம் மாறியது. தம் சொந்த மகளே இதைச் செய்திருந்தாலும் தண்டனை மாறாது என்று மக்கள் முன் எழுந்து நின்று அறிவித்தார்கள். உஸாமா (ரலி) உடனே தம்முடைய பாவமன்னிப்புக்காகப் பிரார்த்திக்கும்படி வேண்டினார். பரிந்து பேசியதற்கே அந்த அச்சம்!

ஆகவே முதலில் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் கையில் இல்லை என்றால் கைப்பேசியில் டிஜிலாக்கரில் காட்டலாம். 2018 முதல் விதிகளில் அதற்கு இடமிருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ‘ஐந்நூறு கொடுத்துட்டுப் போ’ என்றால், ஆயிரத்துக்குச் சலானே கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். குற்றம் செய்யவில்லை என்று உறுதியாக இருந்தால் பணம் கட்டாமல் நீதிமன்றத்தில் வழக்கைச் சந்திக்கும் உரிமையும் உண்டு.

அடுத்து, ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் செய்ய வேண்டிய வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, சிவகங்கை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: 2019 செப்டம்பர் முதல் இன்று வரை, பிரிவு 210பியின் கீழ் இரு மடங்கு தண்டம் கட்டிய காவல்துறையினர் எத்தனை பேர்? 30 நாளில் பதில் தர வேண்டும். மானகிரியில் இருந்து ஒன்று, திருப்பத்தூரில் இருந்து ஒன்று, இளையான்குடியில் இருந்து ஒன்று என்று மனுக்கள் போகட்டும். வரும் பதில்களை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பிவையுங்கள். இன்ஷா அல்லாஹ், எண்ணிக்கை எதுவானாலும், பூஜ்யமே ஆனாலும், அப்படியே அச்சிடுவோம்.