கூப்பனுக்காக லிஸ்ட்டா, லிஸ்ட்டுக்காகக் கூப்பனா?

'இன்னும் 119 ரூபாய்க்கு வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி!'

மளிகை ஆப்பில் பணம் கட்டப் போகும் நேரத்தில் இப்படி ஒரு வரி எட்டிப்பார்க்கும். நாம் வாங்க வந்தது துவரம்பருப்பும் எண்ணெயும் மட்டும்தான். ஆனால், அந்த வரியைப் பார்த்ததும் விரல் தானாக சிப்ஸ், சாக்லேட், நூடுல்ஸ் பக்கம் போய்விடுகிறது. பில் முடிந்ததும் '100 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டீர்கள்' என்று பட்டாசு வெடிக்கிறது திரையில். மாதக் கடைசியில் பார்த்தால் அந்த மிச்சத்தை மட்டும் எங்கேயும் காணோம்!

கூப்பன் ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. சரியாகப் பயன்படுத்தினால் அது நிஜமான பணம். மாதம் 6,000 ரூபாய்க்கு மளிகை வாங்கும் வீட்டில் 5% குறைந்தால் 300 ரூபாய், வருடத்துக்கு 3,600 ரூபாய். பள்ளி திறக்கும் மாதத்தில் நோட்டு, பை, ஷூ வாங்க அது பெரிய உதவி. ஆனால், அந்தப் பணம் கையில் நிற்க வேண்டும் என்றால் முதலில் லிஸ்ட், பிறகுதான் கூப்பன். இந்த வரிசை மாறும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

119 ரூபாய் கணக்கு

உங்கள் லிஸ்ட் 480 ரூபாய். 599 ரூபாய்க்கு வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி. இன்னும் 119 ரூபாய்க்குப் பொருள் சேர்க்கிறீர்கள். கட்டுவது 499 ரூபாய். அதாவது, கூடுதலாக 19 ரூபாய் கொடுத்து 119 ரூபாய் பொருள் வாங்கியிருக்கிறீர்கள்.

இது லாபமா, நஷ்டமா? சேர்த்தது என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, உப்பு, புளி என்றால் அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகும் பொருள்தான். முழு லாபம். வீட்டில் யாரும் கேட்காத ஏதோ ஒரு பானத்தைச் சேர்த்திருந்தால் 19 ரூபாய் நஷ்டம்.

லிஸ்ட்டே 350 ரூபாய்தான் என்றால்? அதே கூப்பனுக்காக 249 ரூபாய்க்குப் பொருள் சேர்க்க வேண்டும். தள்ளுபடி போக 499 ரூபாய் கட்டும்போது, நீங்கள் நினைத்து வந்ததைவிட 149 ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது. மாதக் கடைசியில் கையில் 500 ரூபாய் மட்டும் இருக்கும் வீட்டில், அந்த 149 ரூபாய் என்பது நான்கைந்து நாள் பால் செலவு.

இதற்கு எங்கள் வீட்டில் அம்மா வைத்திருக்கும் வழி எளிமையானது. டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் லிஸ்ட் எழுதுவார். அந்தத் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, கெட்டுப்போகாத பொருள்கள் நான்கைந்தைத் தனியாக எழுதுவார். சோப்பு, துணி பவுடர், கல் உப்பு, தீப்பெட்டி மாதிரி. நல்ல கூப்பன் வந்து கொஞ்சம் தொகை குறைந்தால், கோட்டுக்குக் கீழே இருப்பவற்றிலிருந்து மட்டும்தான் சேர்க்க வேண்டும். அதிலும் தொகை எட்டவில்லை என்றால், அந்தக் கூப்பன் நமக்கானது இல்லை.

ரவை, மைதா, பருப்பு போன்றவற்றை ஆஃபருக்காக மூன்று பாக்கெட் வாங்கி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வண்டு வைத்துவிட்டால், கிடைத்த தள்ளுபடி குப்பைக்குத்தான் போகும்.

எம்.ஆர்.பி-யைப் பார்த்து மயங்காதீர்கள்

'30% தள்ளுபடி' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் எம்.ஆர்.பி-யிலிருந்து கழித்த கணக்கு. எம்.ஆர்.பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச விலை. பருப்பு, அரிசி, எண்ணெய் பாக்கெட்டுகளை எல்லாக் கடைகளுமே பெரும்பாலும் அதைவிடக் குறைத்துத்தான் விற்கின்றன. அதனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது, போன மாதம் அதே பொருளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதோடுதான். பழைய பில்கள் ஆப்பிலேயே இருக்கின்றன. ஒரு நிமிடம் புரட்டிப் பாருங்கள்.

அடுத்து, எடை. பார்க்க ஒரு கிலோ போல இருக்கும் பாக்கெட் சில நேரம் 900 கிராம்தான் இருக்கும். கூப்பன் போட்டு 900 கிராம் பருப்பு 162 ரூபாய், கூப்பன் இல்லாமல் இன்னொரு பிராண்ட் ஒரு கிலோ 172 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மலிவாகத் தெரியும். ஆனால், கிலோ கணக்கில் அது 180 ரூபாய்!

இந்தக் கணக்கை மனதில் போடச் சிரமமாக இருந்தால், பாக்கெட்டிலேயே எம்.ஆர்.பி அருகில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதை அச்சிட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. அது எம்.ஆர்.பி-யை வைத்துப் போட்ட கணக்கு என்பதால், பிராண்டுகளை ஒப்பிட உதவும். தள்ளுபடிக்குப் பிறகு, கட்டும் விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். எண்ணெய் வாங்கும்போது லிட்டரா, கிராமா என்பதையும் கவனியுங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான்.

கடைசித் திரைதான் முக்கியம்

கூப்பன் போட்டாயிற்று, 100 ரூபாய் குறைந்துவிட்டது. ஆனால், பணம் கட்டும் திரையில் டெலிவரி கட்டணம், ஹேண்ட்லிங் கட்டணம், சிறிய ஆர்டர் கட்டணம், மழை பெய்தால் அதற்கொரு கட்டணம் என்று வரிசையாக ஏறும். 'டெலிவரி இலவசம்' என்று இருந்தாலும் மற்றவை தனியாக வரலாம். ஆகவே, பொருள் விலையைப் பார்க்காமல், கடைசியில் கட்டும் தொகையைக் கடை விலையோடு ஒப்பிடுங்கள்.

வாடிக்கையாளரைக் குழப்பி வாங்க வைக்கும் இந்த மாதிரி தந்திரங்களுக்கு எதிராக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் 13 வகைத் தந்திரங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. நீங்கள் கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் நைசாகச் சேர்ப்பது, கடைசி நேரத்தில் மட்டும் கட்டணங்களைக் காட்டுவது, இருப்பு இருக்கும்போதே 'இன்னும் 2 பாக்கெட் மட்டுமே' என்று பொய் அவசரம் காட்டுவது, 'வேண்டாம், எனக்குப் பணம் மிச்சப்படுத்த விருப்பமில்லை' என்று பட்டன் வைத்துச் சங்கடப்படுத்துவது எல்லாமே அந்தப் பட்டியலில் வருகின்றன.

நீங்கள் டிக் செய்யாத ஏதாவது பில்லில் இருந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம். தொகை 10 ரூபாயாக இருந்தாலும் தயங்க வேண்டாம்.

'கேஷ்பேக்' வேறு, தள்ளுபடி வேறு

தள்ளுபடி என்றால் இப்போதே பில்லில் குறையும். கேஷ்பேக் என்றால் பிறகு வரும். பல நேரம் அது அந்த ஆப்பின் வாலட்டுக்குத்தான் வரும், அதற்கும் காலாவதித் தேதி இருக்கும். அதைச் செலவு செய்ய மறுபடி அங்கேயே வாங்க வேண்டும். இரண்டும் ஒரே தொகை என்றால் தள்ளுபடியைத் தேர்ந்தெடுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் 'இலவச மளிகை கூப்பன்' லிங்க்குகளைத் தொடாதீர்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் போடவே தேவையில்லை. பரிசுக் கூப்பன் என்று சொல்லிப் பின் நம்பரைப் போடச் சொன்னால், நம் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பலர் மறந்துபோன கூப்பன்

நாலு ஆப்களில் கூப்பன் தேடும் பல வீடுகளில், ரேஷன் பொருள்களை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் பருப்பு 100 ரூபாயைத் தாண்டித்தான் விற்கிறது. இந்த இரண்டை மட்டும் வாங்கினாலே 100 ரூபாய்க்கு மேல் மிச்சம். குறைந்தபட்ச ஆர்டர் எல்லாம் கிடையாது!

தெருமுனை அண்ணாச்சி கடையையும் லிஸ்ட்டில் சேருங்கள். 50 கிராம் கடுகு மட்டும் வேண்டுமென்றால் 50 கிராம் மட்டும் கிடைக்கும். கேட்டால் கொஞ்சம் கறிவேப்பிலையும் போடுவார், மாதக் கடைசியில் 'அப்புறம் கொடுங்க' என்றும் சொல்வார்.

இந்த மாதம் ஒரு முயற்சி செய்யலாம். லிஸ்ட்டை எழுதிவிட்டு, பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் கூப்பனால் குறைந்த தொகை, இன்னொன்றில் லிஸ்ட்டில் இல்லாமல் வாங்கிய பொருள்களின் தொகை. 30-ம் தேதி இரண்டையும் கூட்டுங்கள். முதல் கட்டம் பெரிதாக இருந்தால் கூப்பன் உங்களுக்கு வேலை செய்கிறது. இரண்டாவது பெரிதாக இருந்தால், ஆப்பின் நோட்டிஃபிகேஷனை ஒரு மாதத்துக்கு ஆஃப் செய்துவிட்டு, லிஸ்ட்டைக் கையில் பிடித்தபடி கடைக்கு நடந்து போய்ப் பாருங்கள்.