தக்கையைத் திரும்ப மூடத் தெரியுமா?

புதுச்சேரியில் இருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் நோணாங்குப்பம் வரும். சுண்ணாம்பாற்றங்கரையில், தென்னை மரங்கள் சூழ்ந்த ஊர். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒரு பெரியவர் வீட்டில் விருந்து சாப்பிட்டேன்.

பெரியவர் ஒரு 'சொல்தா'. அதாவது, பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இலையில் சோறும் மீன் குழம்பும் வந்தன. பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய ஒரு பாட்டில்!

"என்ன ஐயா, பட்டப்பகலில் மதுவா?" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "பயப்படாதே தம்பி! இது போஜோலே ஒயின். பிரான்சில் இருக்கும் மகள் கொண்டு வந்தது. ஒரே குடும்பம் வைத்திருக்கும் சின்னத் தோட்டத்துச் சரக்கு. தோட்டக்காரர் பெயரும், விளைந்த வருஷமும் சீட்டிலேயே இருக்கிறது, பார்!" என்றார்.

நாவற்பழம் போல...

லியோன் நகருக்கு வடக்கே உள்ள குன்றுகளில் 'கமே' என்ற கறுப்புத் திராட்சை விளைகிறது. பழத்தைக் கையால் பறித்துப் புளிக்க வைக்கிறார்கள். சாராயம் போல் காய்ச்சி வடிப்பதில்லை. துவர்ப்புக் குறைவு. ஆகவே சற்றுக் குளிர வைத்துக் குடிப்பார்கள்.

எனக்கும் இரண்டு வாய் ஊற்றினார். நாவற்பழம் தின்றது போல் இலேசான புளிப்பு, நல்ல மணம். குழம்பின் காரத்துக்கு ஏற்றதாகத்தான் இருந்தது.

பெரியவர் ஒரு சிறிய கண்ணாடி டம்ளர் குடித்தார். அம்மாள், "எனக்கு மோர் போதும்" என்று சொல்லிவிட்டார். சாப்பாடு முடிந்தது. பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. பெரியவர் தக்கையை அழுத்தி மூடி, அலமாரியில் வைத்துவிட்டார்!

பழைய உறவு

இந்தக் கரைக்கு ஒயின் புதிதல்ல. பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945ல் வீலர் என்ற அறிஞர் தோண்டிப் பார்த்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் இருந்து ஒயின் வந்த ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தியவை! யவனர் கொண்டு வந்த மதுவைப் பற்றிப் புறநானூறும் சொல்கிறது.

எதைக் கற்றோம்?

1954ல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை விட்டுப் போனார்கள். குடி மட்டும் நின்றுவிட்டது. விலை மலிவு என்று வெளியூர்க்காரர்களும் புதுச்சேரிக்கு வருகிறார்கள். வெறும் வயிற்றில், நின்றபடியே, ஒரே மூச்சில் குடிக்கிறார்கள். கூலிப் பணம் வீடு போய்ச் சேருமா? வாசலில் காத்திருக்கும் மனைவி மக்கள் கதி என்ன?

பிரெஞ்சுக்காரர்களும் பட்டுத்தான் திருந்தினார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மது கொடுப்பதை 1956ல்தான் அங்கே தடுத்தார்கள்! 1960ல் ஓர் ஆள் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று அதில் பாதிகூட இல்லை. மது எவ்வளவு குறைவாக இருந்தாலும் தீங்கில்லை என்று சொல்ல முடியாது என 2023ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

ஆகவே, குடிக்காதவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டாம். குடிக்கிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். மனைவி மக்கள் எதிரில் கூச்சமில்லாமல் குடிக்க முடியுமா? சோற்றோடு ஒரு டம்ளர் போதுமா? பாதி பாட்டிலில் தக்கையைத் திரும்ப மூட முடியுமா?

முடியாது என்றால், தக்கையைத் திறக்காமல் இருப்பதே நல்லது!